பலகையில் சாய்ந்த எழுத்து

எனக்கு வாய் நீளம். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான், ஒளிக்க ஒன்றுமில்லை. இந்த வினையும் அந்த வாயால்தான் வந்தது.

தம்பி மகனுக்குப் பையன் பிறந்து, பெயர் பதிவு செய்யக் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் யோசனையே கிடையாது. கடைப் பலகையில் என்ன பெயர் இருக்கிறதோ அது தாத்தாவிடமிருந்து மூத்த பேரனுக்கு வரும், அவனிடமிருந்து அவன் பேரனுக்குப் போகும். இப்போது அது என் தம்பியிடம் இருக்கிறது. ஆனால் அவனை யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர் பெயரைச் சின்னப் பையன்மேல் போட்டு அதட்ட முடியுமா? அதனால் ‘பேர்க்காரன்’. பேர்க்காரன் சாப்பிட்டானா, பேர்க்காரனுக்குக் காய்ச்சல், பேர்க்காரனுக்குப் பெண் பார்க்க வேண்டும் என்றே காலம் போய், தாத்தா ஆன பிறகும் அவன் பேர்க்காரன்தான். பெயர் பலகைக்கு, பட்டப்பெயர் ஆளுக்கு.

தம்பியின் மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். சீட்டைப் பார்க்காமல் ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்க மாட்டாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“வைக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்ல அத்தை. அது யாரோட பேரு? அதை மட்டும் சொல்லுங்க.”

“இதென்ன கேள்வி. கடையை ஆரம்பிச்சவரோட பேரு.”

“அவரு யாரு, என்ன பண்ணினாரு, எப்படி இருந்தாரு? நாளைக்கு இவன் கேட்டா நான் ஏதாவது சொல்லணும்ல?”

நியாயமான கேள்வி. ஆனால் பக்கத்தில் அவளுடைய அப்பா, பல் டாக்டர் சம்பந்தி, உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் பதில் தெரியாமல் நிற்பதா என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“உங்க வீட்டுல பேரு வேணும்னா புத்தகத்தைப் புரட்டுவீங்க. எங்களுக்கு அந்தத் தலையெழுத்து இல்லம்மா. எங்க பேருக்கு வேர் இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை உங்க அப்பாவையும் வரச்சொல்லு. ஆணிவேரோட புடுங்கிக் கொண்டாந்து உங்க முன்னாடி வெக்கிறேன். அப்புறம் மறுபேச்சு பேசக்கூடாது.”

சம்பந்தி செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“ஆணிவேரைப் புடுங்கினா மரம் பட்டுப்போகும் அத்தை” என்று சிரித்தாள் மருமகள். “ஆனா சரி. நீங்க கண்டுபிடிச்சுட்டு வந்தா அதே பேருதான். என் வாக்கு.”

எங்களுடையது பூட்டுக்கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க வெட்டாத சாவிகள். நான் மெஷினில் சாவி வெட்டுவேன், தம்பி பீரோவும் லாக்கரும் திறக்கப் போவான். யார் சாவியை நீட்டினாலும் “யார் வீட்டுப் பூட்டு?” என்று கேட்காமல் நான் மெஷினைப் போட்டதில்லை. பதில் சொல்லத் திணறினால் சாவியைத் திருப்பித் தள்ளிவிடுவேன். தெருவில் என்னைப் ‘போலீசக்கா’ என்பார்கள், எனக்கு அதில் பெருமை.

வாசலுக்கு மேலே மரப்பலகை. அதில் இரும்பில் வெட்டி ஆணியடித்த எழுத்துகள். கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். “வர்றவங்களைக் குனிஞ்சு வாங்கன்னு கூப்பிடுது” என்று அப்பா சொல்வார். விசிட்டிங் கார்டு அடித்தபோது அச்சகத்துக்காரர் அதைத் தப்பு என்று நினைத்து நிமிர்த்திவிட்டார். நான் போய் ஒரு பாட்டம் கத்தி, மறுபடி சாய்க்கவைத்தேன். தம்பிக்கோ பலகைதான் உயிர். யாராவது அவன் பெயரைக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டான். விரலை மேலே நீட்டிக் காட்டுவான்.

அன்று மாலையே பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு வம்சத்தை வரைந்தேன். அடியில் குழந்தைக்கு ஒரு வட்டம். மேலே தம்பி மகன், அவனுக்கு மேலே தம்பி, அதற்கு மேலே அப்பா. அப்பாவுக்கு மேலே தாத்தா, அவரும் பேர்க்காரர். தாத்தாவைப் பெற்றவர் கொள்ளுத்தாத்தா. வழக்கப்படி அந்தக் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவுக்குத்தான் பெயர் முதலில் இருந்திருக்க வேண்டும், கடையை ஆரம்பித்தவரும் அவரே என்றுதான் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். உச்சியில் ஒரு பெரிய கட்டம் போட்டு, சிவப்பு மையில் அந்தப் பெயரை எழுதினேன். வேலை முடிந்த மாதிரியே இருந்தது. நாலு பேரைப் பார்த்து நாலு கதை வாங்கிக்கொண்டு வந்தால் போதும்.

முதலில் போனது மாமா வீட்டுக்கு. கொள்ளுத்தாத்தாவின் தங்கை வழியில் வந்தவர், எனக்கு மாமா முறை. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“உள்ள வா, உள்ள வா, படியில நிக்காத” என்றார். வேலைதான் விட்டது, பேச்சு விடவில்லை. தாளை விரித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“உச்சியில ஆள் மாறி ஏறியிருக்காரே.”

“என்ன மாமா?”

“கொள்ளுத்தாத்தாவோட அப்பான்னா எங்களுக்கும் அவருதானே தாத்தன் பாட்டன்? அவரு பேரு இது இல்ல. எங்க வழியில அவரு பேரைத்தான் பேரனுங்களுக்கு வெச்சுட்டு வர்றோம். எனக்கே அதுதான்.”

“ஒரு மனுஷனுக்கு ரெண்டு பேரா?”

“ஒரு பேருதான். அவரு பாரவண்டி ஓட்டினவரு. பூட்டைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் இழுத்து ஆட்டிப் பார்க்கிறதோட சரி. கடையை உங்க கொள்ளுத்தாத்தாதான் நடத்தினாரு. நடத்தினாருன்னுதான் எங்க அம்மா சொல்லுவாங்க. ஆரம்பிச்சாருன்னு சொன்னதில்ல.”

எனக்குக் கோபம் வந்தது. தங்கை வீட்டுக்காரர்களுக்கு அண்ணன் வீட்டுப் பெருமை பொறுக்கவில்லை என்றுகூட நினைத்தேன். சரி, பெயர் கொள்ளுத்தாத்தாவின் மனைவி வழியில் வந்திருக்கும் என்று அங்கேயே உட்கார்ந்து அந்த வழிச் சொந்தங்களுக்குப் போன் போட்டேன். அப்படியொரு பெயரை அவர்கள் வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. மேலேயும் இல்லை, பக்கத்திலும் இல்லை. பிள்ளைக்கு யாரோடதுமில்லாத பெயரைத் தூக்கி வைப்பார்களா?

கிளம்பும்போது மாமா வாசல்வரை வந்தார். “உங்க கொள்ளுத்தாத்தா தொழில் எங்க கத்துக்கிட்டாருன்னு தேடு. பாலத்துக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ரிப்பேர் பண்ற வீடு ஒண்ணு இருக்கு. அவங்க முன்னாடி பூட்டுக்காரங்க. எங்க அம்மா அந்த வீட்டைத் தாண்டறப்போ தலையைக் குனிஞ்சுட்டே போவாங்க. ஏன்மான்னு கேட்டா, நடடான்னு கையைப் புடிச்சு இழுப்பாங்க.”

அவர் குரலில் இருந்ததைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். நான் வாங்கவில்லை. பூட்டுக்காரர்கள் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அப்படியானால் பங்காளிகள். ஏதோ பழைய தகராறில் பிரிந்த கிளை. பெயரின் வேர் அங்கேதான் இருக்கிறது. பிரிந்த சொந்தத்தையும் சேர்த்துவைத்தால் ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வாயடைத்துப் போவார்.

மறுநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பழக்கூடை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

முன்னறைதான் கடை. நீளமான மேசையில் ஒரு தையல் மெஷின் தலைகீழாகக் கிடந்தது. என் வயதுள்ள ஓர் அம்மாள் எண்ணெய் டப்பாவும் திருப்புளியுமாக அதற்குள் குனிந்திருந்தாள். நான் பலகையில் இருக்கும் பெயரைச் சொல்லி, இன்ன பூட்டுக்கடை என்றதும் திருப்புளி நின்றது.

“உக்காருங்க” என்றாள்.

உட்கார்ந்து, பழக்கூடையை நடுவில் வைத்து, காலண்டர் தாளை விரித்துவிட்டேன். நாமெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று என்றேன். குழந்தை பிறந்திருக்கிறது, அந்தப் பெயரைத்தான் வைக்கப் போகிறோம், பெரியவரைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றேன். நான் பேசப் பேச அவள் விரல்களில் இருந்த எண்ணெயை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கடைசி எழுத்து இன்னும் சாய்ஞ்சேதான் இருக்கா?”

எனக்கு உச்சி குளிர்ந்தது. “அது எங்க அடையாளமாச்சே” என்று விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினேன்.

அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அவருக்கு அப்பவே இருமல். கடைசி எழுத்துக்கு ஆணி அடிக்கிறப்போ இருமல் வந்து கை நழுவிடுச்சு. புடுங்கி மறுபடி அடிச்சா மரம் பிளந்துடும்னு விட்டுட்டாராம். அவரு பொண்ணு பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்திருக்காங்க. எங்க அப்பாவைப் பெத்தவங்க.”

“எவரு பொண்ணு?”

“நீங்க சிவப்புல எழுதி வெச்சிருக்கீங்களே, அவரு பொண்ணு. அவரு எங்க கொள்ளுத்தாத்தா. கடை அவரு வெச்சது.”

“அப்போ எங்க கொள்ளுத்தாத்தா?”

“அவருகிட்ட வேலை பார்த்தவரு.”

அப்புறம் அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் குரலை உயர்த்தவே இல்லை. மார்ச்சளி முற்றி, கடை வைத்த அவர் வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், மனைவியும் மகளும் கூடவே. கடைச் சாவியை எங்கள் ஆள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். போன புதிதில் தகவல் வந்தது, பிறகு நின்றது. பிழைக்க மாட்டார் என்று எங்கள் ஆள் முடிவு செய்திருக்க வேண்டும். இதற்குள் எங்கள் ஆளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பலகையை மாற்றினால் முதலாளி எங்கே என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால் பலகையை மாற்றவில்லை. பலகையில் இருந்த பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டார்.

“அவரு பொழைச்சு வந்துட்டாரு” என்றாள். “பொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டு கடை வாசல்ல வந்து நின்னாரு. உங்காளு வழி விடல. தொட்டிலைக் காட்டி, இது என் மகன் பேருல இருக்கிற கடைன்னாராம். தெருவுல ஆளுங்க மாறியிருந்தாங்க. சண்டை போட இவருக்கு மூச்சு இல்ல.”

“அப்புறம்?”

“குழந்தையைக் கொஞ்சம் தூக்கிக்கிட்டுமான்னு கேட்டாராம். தூக்கி, தன் பேரைச் சொல்லியே அதை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாரு. அது சிரிச்சுதாம். தொட்டில்ல போட்டுட்டு வந்துட்டாரு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல அந்தப் பேரை யாருக்கும் வைக்க விடல. போன இடத்துலயே இருக்கட்டும்னுட்டாரு.”

எனக்கு முகம் எரிந்தது. எதிரே நான் வரைந்த தாள் கிடந்தது. இவளுடைய கொள்ளுத்தாத்தாவை எங்கள் தலையில் தூக்கி வைத்து, சிவப்பு மையில் எழுதி, இவளிடமே கொண்டுவந்து விரித்திருக்கிறேன். சொந்தம் கொண்டாடப் பழக்கூடை வேறு. யார் வீட்டுப் பூட்டு என்று ஊரையெல்லாம் கேட்கிற நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஆளைத் திட்டலாம் என்றால் அவர் ரத்தம்தானே நான். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்பார்களே, அன்றுதான் அதன் அர்த்தம் தெரிந்தது.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

“தெரிஞ்சிருந்தா பழக்கூடையோட வருவீங்களா?” என்றாள். கேலிதான், ஆனால் குத்தல் இல்லை. அதுவே இன்னும் கஷ்டமாக இருந்தது. விசிட்டிங் கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தச் சாய்ந்த எழுத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.

தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பாலம் ஏறும்வரை தலை நிமிரவில்லை. மாமாவின் அம்மா குனிந்துகொண்டு போன அதே தெரு.

பஸ்ஸில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செய்தவரும் போய்ச் சேர்ந்தார், பறிகொடுத்தவரும் போய்ச் சேர்ந்தார். இனி யாருக்கு என்ன லாபம்? ஆனால் தம்பி இருக்கிறானே. அவனுக்குப் படிப்பில்லை, சொத்தில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவனுடைய நெஞ்சுநிமிர்வு. இதை அவனிடம் போய் எப்படிச் சொல்வது? சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். தம்பி சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். சம்பந்தி இந்த முறை ஜன்னலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

பொய் சொன்னேன். கூசாமல் சொன்னேன். பெரியவர் தன் கையால் கடையை ஆரம்பித்தார், நோயிலும் உழைத்தார், இருமிக்கொண்டே பலகையில் ஆணி அடித்தார், அதனால்தான் அந்த எழுத்து சாய்ந்தது, குழந்தைகள் என்றால் அவருக்கு உயிர். எல்லாமே உண்மை. அவர் எங்களுக்கு யார் என்பது மட்டும்தான் பொய்.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இருமலாலதான் சாய்ஞ்சுதா? பாவம்க்கா.”

மருமகளும் என் பக்கம் திரும்பினாள். “மன்னிச்சுக்குங்க அத்தை. நான் வீம்புக்குக் கேக்கல. இப்படிப்பட்டவரு பேருன்னா சந்தோஷமா வைக்கலாம்.” குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கி, முகத்துக்கு நேரே பிடித்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

குழந்தை சிரித்தது.

“கூப்பிடாதே” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். நான் எழுந்து நின்றேன். “அந்தப் பேரைச் சொல்லி அவனைக் கூப்பிடாதேம்மா. அது நம்ம பேரு இல்ல.”

சொல்லி முடிக்கும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. தொட்டில் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வேரைப் பிடுங்கி வைக்கிறேன் என்று யார் முன்னால் சவடால் அடித்தேனோ, அவர் முன்னாலேயே வைத்தேன். முடிந்ததும் சம்பந்தி இதமாகத்தான் பேசினார். “என்னைக்கோ நடந்தது. இப்ப போய் யாரு கேக்கப் போறா?” பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான். இன்னொருத்தர் வாயால் கேட்டபோது அது எவ்வளவு மட்டமாக இருந்தது.

மருமகள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். என்னைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

தம்பி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

“எனக்கு வேற பேரு இல்லையேக்கா” என்றான்.

நான் அழுதேன்.

மறுநாள் காலை கடைக்குப் போனபோது ஏணி போட்டிருந்தது. அவன் பலகையின் ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் கேட்காமல் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பலகை இறங்கியதும் சுவரில் அந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. பக்கத்துக் கடைக்காரர் “என்ன, பெயிண்டா?” என்றார். தம்பி தலையை ஆட்டிவைத்தான். பழைய போர்வையில் பலகையைச் சுற்றி, ஆட்டோ பிடித்து, பாலத்தைத் தாண்டினோம்.

அந்த அம்மாள் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நானா கேட்டேன்?”

“இல்லீங்க” என்றேன்.

“இதை நான் எங்க மாட்டுறது? தையல் மெஷின் கடையில பூட்டுக்காரர் பேரா?” அவளுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பேச்சை மாற்றுவதற்காகத்தான் தம்பியைப் பார்த்துக் கேட்டாள், வீட்டுக்கு வருகிற யாரையும் கேட்பதுபோல. “உங்க பேரு என்னங்க?”

தம்பியின் விரல் பழக்கத்தில் மேலே எழுந்தது. மேலே ஒன்றும் இல்லை. பாதியில் இறங்கி, கையில் இருந்த பலகையின்மேல் வந்து நின்றது.

“வீட்டுல பேர்க்காரன்னு கூப்பிடுவாங்க.”

“அது யாரோட பேரு?” என்றாள் அவள், நிஜமாகவே புரியாமல்.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

“உங்க கொள்ளுத்தாத்தாவோட பேருங்க” என்றான்.

அவள் மேசையில் கிடந்த மெஷினை ஓரமாக நகர்த்தி, பலகைக்கு இடம் செய்தாள்.